பதினாலாம் வண்டிக்கான விதி

பிப்ரவரி 3

டிங்கர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. இந்த வீட்டை விற்றுவிட்டேன். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறேன். மாடி அறை மேசையில் பந்தய வண்டிகள் பதினேழும் பதினோரு வருடங்களாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. எனக்கு அவற்றால் பயனில்லை. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். பதினாலாம் எண் வண்டி உங்களிடம் இருக்கிறது. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இதை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பதில் தேவையில்லை.

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டு வரி. வாசித்துச் சொன்னவர் என் அறைக்குக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மா. பதினொரு வரி வாசித்துவிட்டு மடித்தார். "இன்னொரு வரி இருக்கேம்மா" என்றேன். "உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே பெரியவரே" என்றார். "படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்" என்றேன். அப்புறம்தான் பதில் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னார். இதையும் அவர்தான் எழுதுகிறார். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், மெருகு போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சியை எடுத்த அன்று நான் தெருமுனையில், தையல்கடைப் படிக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பார்த்தீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வண்டிகளுக்கு ஆள் அனுப்ப மாட்டேன். பாதிப் பந்தயத்தில் வண்டியை மேசையிலிருந்து தூக்குவது எந்த ஊர் நியாயம்? எட்டு மஞ்சள் தாள் ஒட்டி நீங்களே வரைந்த நாடு அது. கிழக்குக் கடலில் புறப்பட்டு மேற்குக் கடலில் முடிகிற ஒரே ரோடு. பத்துக் கட்டம், கட்டத்துக்குள் குறுக்கே கோடுகள், பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை கோடு. அப்படி ஒரு நாடும் கிடையாது, அப்படி ஒரு பந்தயமும் நடந்தது கிடையாது. ஆனால் வண்டி மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் ரோட்டில் ஓடிய வண்டியாகவே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் நீங்கள். நீங்கள் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று படம் போட்டுத் தருவீர்கள். நான் பட்டறையில் பிஸ்கட் டின் தகரத்தை வெட்டித் தட்டிப் பற்றவைப்பேன். ஒரு வண்டிக்கு நாலு மாதம். பதினெட்டு வண்டி. கணக்குப் போட்டால் நம் இரண்டு பேருக்கும் தலை நரைத்த கதை தெரியும்.

எது எங்கே நிற்கிறது, சொல்லட்டுமா? முன்னால் போவது நீல நிற மூன்று, ஏழாம் கட்டம் தாண்டி உப்பு வெளியில். அதன் வாலைப் பிடித்தபடி பதினொன்று. ஆறும் பதினாறும் குதிரைமேட்டு ஏற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில். ஒன்பது, ஒற்றைப் பாலத்துக்கு இந்தப் பக்கம். இரண்டாம் நம்பர் பஞ்சர் ஆகி, இரண்டு முறை ஆட்டம் விட்டு நிற்கிறது. மற்றதெல்லாம் அம்மாவுக்குக் கை வலிக்கும் என்பதால் விடுகிறேன்.

மிச்சம் மூன்று கட்டம்தான். கடிதத்திலேயே முடித்துவிடலாம். என் வண்டிகளுக்கு நான் இங்கே பகடை போட்டுச் சொல்கிறேன். நீங்கள் நகர்த்துங்கள். எனக்கு இடது கண் போய்விட்டது. வலதிலும் புகை படிகிறது. அதற்குள் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தால் நல்லது.

உங்கள் மச்சான்

பிப்ரவரி 16

டிங்கர் அவர்களுக்கு,

பதில் தேவையில்லை என்று எழுதியிருந்தேன்.

மேசையைப் பல வருடமாகப் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஏறிப்போய்ப் பார்த்தேன். ஒருவேளை தப்பாகச் சொல்லியிருப்பீர்களோ என்று பார்ப்பதற்காகத்தான். கடிதத்தில் சொன்னதில் ஒன்று தவறு. ஒன்பதாம் எண் பாலத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே நிற்கிறது. நினைவு என்று நீங்கள் பெருமைப்படுவதில் இனி கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பந்தயம் என்று என்னிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? மேசையில் இருக்கும் வண்டிகளோடு நிறுத்தியிருந்தால் என் மகன் இன்று இருந்திருப்பான். பழைய இரும்புக் கடையில் கிடந்த நிஜ வண்டியை இழுத்து வந்தவர் நீங்கள். மூன்று வருடம் தட்டிச் சரிசெய்தவர் நீங்கள். பிரேக் வேலை உங்களுடையது. புது வேலைக்கு முதல் நாள் போகிறேன் என்று அந்தப் பிரேக்கை நம்பி ஏறினான். எனக்கு இருபத்து நான்கு வயது மகன் இருந்தான்.

அந்தப் பந்தயத்துக்கு நடுவர் நான் என்பதால் மட்டும் சொல்கிறேன். இரண்டாம் விதிப்படி, பதினெட்டு வண்டியும் மேசையில் இல்லாமல் பகடை உருட்ட முடியாது. பதினாலாம் எண் வந்து, சோதனையில் தேற வேண்டும்.

பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு,

ஒன்பது பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். அன்று அதற்குப் பகடையில் இரண்டு விழுந்தது. நாலு விழுந்திருந்தால் பாலம் தாண்டியிருக்கும். உங்கள் மகன், என் கிளீனர், "மாமா, உங்க வண்டி பாலத்தப் பாத்து பயந்து நிக்குது" என்றான். "பயம் இல்லடா, டோல்கேட்டுல சில்லறை தேடுறான்" என்றேன். நீங்கள், "ஐம்பத்து நாலுல அந்தப் பாலத்துல டோல்கேட் கிடையாது" என்றீர்கள். நீங்களே வரைந்த பாலம்! தங்கச்சி படியில் நின்று சிரித்தாள். இதை நான் மறப்பேனா?

தூசி தட்டும்போது தங்கச்சிதான் எடுத்து மாற்றி வைத்திருப்பாள். பதினோரு வருடம் அந்த மேசையைத் துடைத்தது யாரென்று நினைத்தீர்கள்? மாதம் ஒரு தடவை இந்தக் கண்ணாடிக் கடை போனுக்குப் பேசுவாள். "இன்னைக்கு மூணாம் நம்பரோட கண்ணாடியத் தொடச்சேன்ணா" என்பாள். உங்களிடம் சொல்லவில்லை என்று தெரியும். அதற்காக இப்போது அவள் படத்தின் முன்னால் நின்று கோபப்படாதீர்கள்.

பதினாலை அனுப்பக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. விபத்து நடந்த வாரம், பெயின்ட் உரிந்ததென்று கிளீனர் பட்டறையில் கொண்டுவந்து வைத்தது. நிஜ வண்டியைப் பார்த்து அவனுக்காகச் செய்த பச்சை வண்டி. பெயின்ட் அடித்துவிட்டேன். அது காய்ந்து பதினோரு வருடம் ஆகிறது.

மச்சான்

மார்ச் 2

டிங்கர் அவர்களுக்கு,

ஒன்பதாம் எண் வண்டியை எடுத்துப் பார்த்தேன். அடியில் தாள் மற்ற இடம்போலவே வெளுத்திருக்கிறது. பாலத்துக்குக் கிழக்கே, நீங்கள் சொன்ன இடத்தில், ஏழு அங்குல நீளத்துக்கு ஒரு திட்டு மட்டும் பழைய மஞ்சளாகவே இருக்கிறது. ஜன்னல் வெயில் அங்கே பல வருடம் படவில்லை. உங்கள் நினைவு சரி. வண்டியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அவள் துடைத்தது எனக்குத் தெரியாது. மாடிக்கு நான் போவதில்லை. அவள் துணி உலர்த்தப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். மழைக்காலத்திலும் அப்படியே நினைத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பதினாலை அனுப்புங்கள். மாதக் கடைசிக்குள் வர வேண்டும்.

மார்ச் 7

மாப்பிள்ளைக்கு,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். பழைய பனியனில் சுற்றி, மரத்தூள் போட்டுக் கட்டியிருக்கிறது. முடிச்சை வெட்டாதீர்கள், இழுத்தால் வரும். முன்விளக்குக் கண்ணாடி அம்மா கடையில் உடைந்த லென்சிலிருந்து தேய்த்தது. வளைவு சரியாக இருக்கும். உங்கள் சாமண இடுக்கியால் கதவைத் திறக்கும்போது இடது கதவைப் பார்த்துத் திறவுங்கள், கீல் மெல்லிசு.

உள்ளே பார்க்காதீர்கள் என்று நடுவரிடம் சொல்ல முடியாது. பாருங்கள். பார்த்துவிட்டு உடனே எழுதாதீர்கள். ஒரு நாள் விட்டு எழுதுங்கள்.

மச்சான்

மார்ச் 13

டிங்கர் அவர்களுக்கு,

சோதனை அறிக்கை. பச்சை நிறம் சரி. சக்கரம் நான்கும் சரி, மூடியில் உள்ள ஆறு திருகும் எண்ணிப் பார்த்தேன். பின்கண்ணாடி ஒன்று மட்டும், வலப்பக்கம், சரி. ஸ்டியரிங்கின் விரிசல்கூட நிஜ வண்டியில் இருந்தபடியே செய்திருக்கிறீர்கள்.

முன் இருக்கை இரண்டிலும் பெல்ட் இருக்கிறது. கறுப்புப் பட்டு நாடா, இரண்டு மில்லி அகலம். செம்புக் கம்பியில் கொக்கி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கொக்கி உண்மையாகவே மாட்டிக் கழல்கிறது.

மூன்றாம் விதி: ஐம்பத்து நாலில் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வண்டியில் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது. பதினாலு தேறவில்லை.

நீங்கள் சொன்னபடி ஒரு நாள் விட்டேன். ஐந்து நாள் விட்டாலும் இதைத்தான் கேட்பேன். இது யாருக்காக? என்னைக் குத்திக்காட்டவா? பதினோரு வருடம் கழித்து, அவளும் போன பிறகு, பார்சலில் வைத்து அனுப்பவா? பிரேக்கைக் கோட்டை விட்டவர் நீங்கள். பெல்ட் என்று என் பக்கம் கை நீட்டாதீர்கள்.

மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

கோபப்படாதீர்கள். யாரையும் குத்த அதை மாட்டவில்லை. கழற்றிவிடுகிறேன், திருப்பி அனுப்புங்கள். இல்லை, நீங்களே சாமணத்தால் இழுத்தாலும் வந்துவிடும், ஒரு சொட்டுப் பசைதான்.

அவனை எரித்த மூன்றாம் நாள் செய்ய ஆரம்பித்தது அது. நாடா தங்கச்சியின் ரவிக்கைத் துணியில் கிழித்தது, அவளே கொடுத்தாள். கொக்கிக்கு மட்டும் ஐந்து வாரம். ஒன்று செய்வேன், பெரிதாகிவிடும். தூர எறிவேன். மாட்டிக் கழல வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மாட்டிக் கழலாத கொக்கி என்ன கொக்கி? என் இடது கண் அதில்தான் போனது என்று அம்மா சொல்கிறார். கண் வயசில் போனது, அம்மா கதை கட்டுகிறார்.

பிரேக்கைப் பற்றி அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து, "உன் பிரேக்தானே? சொல்லு, உன் பிரேக்தானே?" என்றீர்கள். "ஆமா மாப்ள, என் பிரேக்தான்" என்றேன். அதில் மாற்றம் இல்லை. அந்த பிரேக் பிடிக்கவில்லை. பெல்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். எழுதுங்கள் என்கிறேன். எழுதிவிட்டார்.

பதினாலு தேறாவிட்டால் பந்தயம் வேண்டாம். மற்றதைப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். மூன்றாம் எண்ணை மட்டுமாவது மகள் வீட்டு அலமாரியில் வையுங்கள், தங்கச்சிக்குப் பிடித்தது.

மச்சான்

மார்ச் 24

மச்சான்,

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.

அவன் போன மூன்றாவது வாரம், வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டரின் அறிக்கை தபாலில் வந்தது. ரோட்டில் நாற்பது அடிக்குப் பிரேக் தடம், நான்கு சக்கரமும் ஒரே சீராக. பிரேக் குறையில்லை. நின்றிருந்த லாரியில் மோதிய வேகம் பெரிதல்ல. கதவு திறந்துகொண்டதில் ஓட்டியவர் வெளியே விழுந்திருக்கிறார். இருக்கையோடு இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அவ்வளவும் அதில் இருந்தது. வாசித்தேன். மடித்து விதிப் புத்தகத்துக்குள் வைத்தேன். அதன் பிறகு இறங்கி வந்து, சாப்பிடும்போது, உங்கள் பிரேக்கைப் பற்றி அவளிடம் பேசினேன்.

நேற்று அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அறிக்கைக்கு அடியில் அவனுடைய விண்ணப்பம். நினைவிருக்கும் உங்களுக்கு. "மாண்புமிகு நடுவர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, நிஜ வண்டியில் பெல்ட் மாட்ட அனுமதி கேட்டு எழுதியது. நான் அதை எழுந்து நின்று நீதிமன்றக் குரலில் வாசித்தேன். ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து "நிராகரிக்கப்பட்டது" என்று குத்தினேன். மூவரும் சிரித்தோம். மேசை வண்டிக்குப் போட்ட விதி அது. மனிதன் ஏறி உட்காரும் வண்டிக்கு அதைச் சொல்லுகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நாம் அந்த நாட்டிலேயே குடியிருந்துவிட்டோம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று கடைசி வரியை நான் வாசிக்கவில்லை. "மாமா வண்டித் தரையில் துளை போட்டு பெல்ட்டும் வாங்கி வைத்துவிட்டார். அப்பா சரி என்று சொன்னால் போதும்." இதுதான் அந்த வரி. வாசித்தால் நீங்கள் இருவரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். விளையாட்டில்கூடத் தோற்க எனக்குப் பிடிக்காது. விழுங்கிவிட்டேன். நீங்கள் மறுநாள் ஒன்றும் பேசாமல் துளைகளை அடைத்துவிட்டீர்கள்.

அன்று வராந்தாவில் நான் சட்டையைப் பிடித்தபோது நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை. இப்போதும் பொய்யையே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். போதும் மச்சான்.

நடுவரின் தீர்ப்பு: மூன்றாம் விதி திருத்தப்பட்டது. பெல்ட் இருக்கலாம். பதினாலாம் எண்ணை, அது நின்ற இடத்தில், எட்டாம் கட்டத் தொடக்கத்தில் வைத்தேன். அங்கே இருந்த தகர டப்பாவை எடுத்தபோது அடியில் ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. அவள் அந்த டப்பாவை அங்கே எதற்கு வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

மகள் வீட்டில் மேசைக்கு இடமில்லை. எல்லா வண்டியின் இடத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு, தாள் தாளாகப் பிரித்தெடுக்கிறேன். கடைசி மூன்று கட்டமும் இரண்டு தாளில் அடங்கும். கட்டில் மேல் விரிக்கலாம். முகவரி பின்னால் இருக்கிறது. உங்களை நேரில் வரச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? எழுதுங்கள்.

பதினாலுக்கு எப்போதும் அவனேதான் பகடை போடுவான். இனி யார் போடுவது என்று விதியில் இல்லை. நீங்கள் போடுங்கள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 5

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. இரண்டு தடவை கடையில் ஆள் வந்தது என்று எழுந்து போனார். ஆள் யாரும் வரவில்லை.

அந்தச் சீட்டில் நாலு வரி இருந்தது எனக்குத் தெரியும். நீங்கள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வாசித்தீர்கள், வெளிச்சத்தில் மசி தெரிந்தது. நாலு வரி. நீங்கள் வாசித்தது மூன்று வரிக்கு உண்டானது. அந்த நாலாவது என்ன என்று பதினோரு வருடமாக யோசித்திருக்கிறேன். என்னைப் பற்றி ஏதாவது கேலியாக எழுதியிருப்பான் என்றே நினைத்தேன். கேலி இல்லை. நல்லது. இல்லை, நல்லதென்று சொல்ல முடியவில்லை. அம்மா, அதை அடித்துவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

நான் சொல்லாததும் ஒன்று இருக்கிறது. துளையை அடைக்கும்போது கிளீனர் பக்கத்தில்தான் நின்றான். "அப்பா ஒத்துக்கலன்னா என்ன மாமா, தெரியாம மாட்டிடலாமே" என்றான். "நடுவர் சொன்னா சொன்னதுதான்டா" என்றேன். நான் சொன்னது அது. நல்ல வெல்டிங். விரலால் தடவினால்கூட அடையாளம் தெரியாது. அதனால் முழுப் பாரத்தையும் நீங்களே தூக்காதீர்கள். ஒரு பக்கம் என் கையும் இருக்கிறது.

தங்கச்சிக்கு எல்லாம் தெரியும். அந்த வருடமே போனில் கேட்டாள், சொல்லிவிட்டேன். நானே வந்து உங்களிடம் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். "வேண்டாம்ணா. உன்னைத் திட்டித் திட்டித்தான் அவரு ரெண்டு வாய் சாப்பிடுறாரு. அதையும் நிறுத்திட்டா என்ன பண்ணுவேன்" என்றாள். அதனால்தான் வரவில்லை. அந்த டப்பா நான் கொடுத்தது. பதினாலின் அளவுக்குத் தகரத்தில் செய்து கொடுத்தனுப்பினேன், இடம் வெளுத்துப் போகாமல் இருக்க.

நேரில் பார்க்கிற தைரியம் எனக்கும் இல்லை. வந்தாலும் உங்கள் முகம் புகையாகத்தான் தெரியும், அது ஒரு வசதி. பார்ப்போம்.

பதினாலுக்குப் பகடை போட்டேன். அம்மா சாட்சி. கண்ணாடி மேசை மேல் உருட்டினேன், ரொம்ப நேரம் சுற்றியது. ஒண்ணு விழுந்தது. அம்மா, "பெரியவரே, இன்னொரு தடவை போடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். போடவில்லை. மாப்பிள்ளை, பதினாலை ஒரே ஒரு கோடு நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன்னால் கொக்கியை மாட்டிவிடுங்கள்.

மச்சான்